ஒரு கைக்கு ஆறு வைத்தியம்

அந்தக் கையை நான் நிதானமாகப் பார்த்த முதல் நாள், அதன்மேல் ஆறு வைத்தியம் இருந்தது. எண்ணித்தான் சொல்கிறேன். தோளுக்குக் கீழே, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டு. முழங்கைக்குக் கீழே ஏதோ பழுப்பு எண்ணெய். அதன் வாடைக்குப் பக்கத்தில் உட்கார முடியவில்லை. மணிக்கட்டில் பூசாரி கட்டிவிட்ட மஞ்சள் கயிறு. கயிற்றை ஒட்டி, வீடு வீடாக வந்து விற்றவனிடம் வாங்கிய காந்த வளையல். புறங்கையில் பஸ் கண்டக்டர் கொடுத்த பச்சை நிற வலி மருந்து. சட்டைப் பையில், ஒடுகத்தூர் மருந்துக் கடைக்காரர் யார் மூலமோ கொடுத்தனுப்பிய நரம்புச் சத்து மாத்திரை. இவ்வளவையும் சுமந்துகொண்டு அந்த வலது கை மணிக்கட்டிலிருந்து கீழே தொங்கியது, தண்ணீர் காணாத கீரைத்தண்டு மாதிரி.

“இதுல எதுய்யா வேலை செய்யுது?” என்று கேட்டேன்.

“எல்லாமே நல்லாத்தான் கீதுங்கய்யா” என்றான்.

அவனை விவரிக்க இந்த ஒரு பதிலே போதும். ஆனால் போதும் என்று விட எனக்கு மனம் வரவில்லை. அவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது.

நான் புள்ளியியல் துறையில் மழையையும் மாட்டையும் மகசூலையும் எண்ணி எண்ணியே ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு மகளோடு இருந்தேன். அவள் அப்போது ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு ஊரில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மலையில் எல்லோருக்கும் அவள் ‘சிஸ்டரு’. சிஸ்டரின் அப்பா என்பதால் நான் ‘அய்யா’. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வேலி அவனுடையது. நாற்பது வயதிருக்கும். சாமை விதைப்பான், மாசி பங்குனியில் புளியமரம் ஏறி உலுக்குவான். மரம் உள்ள பல வீடுகளில் ஏறுவதற்கு ஆள் இல்லை. ஆண்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போய்விட்டார்கள். அதனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் போவான். எவர் கூப்பிட்டாலும், எப்போது கூப்பிட்டாலும், எதற்குக் கூப்பிட்டாலும் போவான். ‘மாட்டேன்’ என்பதும் ‘வேண்டாம்’ என்பதும் அவன் வாயில் வராது.

அவன் போனுக்குக் கூப்பிட்டால் வாரத்துக்கு ஒரு பாட்டு கேட்கும். போன் கம்பெனியிலிருந்து எந்தப் பெண் பேசினாலும் “சரிங்கம்மா” என்று சொல்லி, அவள் அழுத்தச் சொன்ன எண்ணை அழுத்திவிடுவான். தேர்தல் வந்தபோது அவன் வீட்டுச் சுவரில் மூன்று கட்சிச் சின்னம் இருந்தது. நான்காவது கட்சிக்காரர் சுண்ணாம்பு வாளியோடு வந்து இடமில்லாமல் நின்றார். “தோ, மாட்டுக் கொட்டாயில ஒரு பக்கம் கீதுங்க” என்று வழிகாட்டினான். அந்தப் பக்கம் மாடு உரசி உரசி, வாக்குப்பதிவுக்கு முன்பே சின்னம் அழிந்துவிட்டது. அதற்கும் அந்தக் கட்சிக்காரர் வந்து சத்தம் போட்டார். “மறுபடியும் எழுதிக்குங்க” என்றான்.

“இவரு வாயில சாமி ஒரே ஒரு வார்த்தையத்தான் வெச்சி அனுப்பியிருக்குது” என்பாள் அவன் மனைவி. அவள் வேறு மாதிரி. அவள் வாயில் சாமி நிறையவே வைத்து அனுப்பியிருந்தது.

விழுந்ததும் இதனால்தான். அன்று இரண்டு மரம் உலுக்கி முடித்து இறங்கியவனை, மூன்றாவது வீட்டு அம்மாள் வழியில் நிறுத்தி, “ஒரே ஒரு கெளை தம்பி, பழம் தொங்கினு கீது” என்றிருக்கிறாள். பொழுது சாய்ந்துவிட்டது. ஏறினான். கிளை முறிந்தது. மேல்கை எலும்பு இரண்டாகப் போனது.

நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தானா என்றால் இல்லை. அவன் தாய்மாமன் கட்டு வைத்தியர். மலையில் பாதிப் பேரின் கைகால் அவர் சேர்த்துவைத்தவை. எலும்பு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு எக்ஸ்ரே பார்த்த டாக்டரே “எலும்பு நல்லா சேர்ந்திருக்கு” என்றார். ஆனால் எலும்பு சேர்ந்த பிறகும் கை தூக்கவில்லை. மாமன் அதற்கு “நரம்பு தூங்குது, எழுந்துக்கும்” என்று சொல்லிவிட்டார். நரம்பு என்ன பகல் தூக்கமா தூங்குகிறது?

மற்ற ஐந்து வைத்தியமும் எப்படி வந்தன என்று கேட்டேன். அவர்கள் வீட்டு வழக்கத்தை அப்போதுதான் சொன்னான். வியாதி வந்த வீட்டுக்கு ஒருவர் மருந்து கொண்டுவந்தால் திருப்பி அனுப்பக் கூடாது. கொண்டுவந்தவர் நின்று பார்க்கும்போதே பூசிக்கொள்ள வேண்டும், அல்லது விழுங்க வேண்டும். திருப்பினால் அந்த வியாதி மருந்தோடு சேர்ந்து கொடுத்தவர் வீட்டுக்குப் போய்விடுமாம்.

“அப்ப நாளைக்கு ஒருத்தன் எலி மருந்து கொண்டாந்தா?”

கொஞ்சம் யோசித்தான். “நம்மூர்ல அந்த மாதிரி ஆளு யாருங்கய்யா கீறாங்க?” என்றான்.

என் மகள்தான் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். மணிக்கட்டைத் தூக்கச் சொன்னாள், வரவில்லை. விரல்களை விரிக்கச் சொன்னாள்; வரவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புறங்கையில் கிள்ளினாள். அவனுக்குத் தெரியவே இல்லை. மேல்கை எலும்பை வளைத்துக்கொண்டு ஒரு நரம்பு இறங்குகிறது, எலும்பு முறிந்தபோது அதுவும் அடிபட்டிருக்கிறது, மணிக்கட்டையும் விரலையும் நிமிர்த்துவது அந்த நரம்புதான் என்றாள். “இதுக்குக் கெடு இருக்கு. சும்மா விட்டா சதை சுருங்கிடும். அப்புறம் நரம்பு வந்தும் பிரயோஜனம் இல்ல. வேலூருக்குப் போங்க. அப்பா, நீங்களும் உங்க காலைக் காட்டணுமே, கூட்டிட்டுப் போங்க.”

“சரிங்க சிஸ்டர்” என்றான். அவன் சொன்ன சரிகளில் அது எத்தனையாவதோ.

மலை இறங்கி, போளூரில் பஸ் மாறி வேலூர் போனோம். அங்கே டாக்டர் ஒரு பெண், என் மகளை விடச் சின்னவள். ஊசி குத்தி நரம்புச் சோதனை செய்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “வலிக்குதா?” என்று கேட்டதற்கு, கேட்டவர் மனம் நோகக் கூடாதென்று “பரவால்லீங்க” என்றான். வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும், அதுதான் சோதனை என்று டாக்டர் இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது.

“நரம்பு நசுங்கியிருக்கலாம், அறுந்தும் இருக்கலாம். நசுங்கியிருந்தா தானா வளரும். ஒரு நாளைக்குச் சுமாரா ஒரு மில்லிமீட்டர். அதுவரைக்கும் மணிக்கட்டு தொங்கக் கூடாது” என்று சொல்லி, கையைத் தூக்கிப் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டிவிட்டார். இடது கையால் வலது கை விரல்களை நிமிர்த்தி மடக்கி, மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மூன்று மாதம் பார்ப்போம், அசைவு வரவில்லை என்றால் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவோம் என்றார்.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்! கடைசியில் ஒரு எண் கிடைத்தது எனக்கு. வீட்டுக்கு வந்ததும் நூல் பிடித்து, முறிந்த இடத்திலிருந்து முன்கைச் சதை வரைக்கும் அளந்தேன். இந்த மாதம் இங்கே, அடுத்த மாதம் இங்கே என்று விரல் வைத்துக் காட்டினேன். “சரிங்கய்யா, சரிங்கய்யா” என்று கேட்டுக்கொண்டான். நானும் நம்பினேன்.

ஒரு நாள் காலையில், வழக்கமான நேரத்துக்கு முன்பே அவன் வீட்டுப் பக்கம் போனேன். பிளாஸ்டிக் பட்டை ஆட்டுக் கொட்டகை முளையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கையில் புதிதாக ஒரு தழைக் கட்டு. அதுவும் மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கி, டாக்டர் எதைச் செய்யக் கூடாது என்றாரோ அதையே செய்து, இறுக்கிக் கட்டியிருந்தது.

“இன்னாய்யா இது கோலம்?”

“மாமா வந்துட்டாருங்கய்யா. வூட்டாண்ட தழையோட வந்து நின்னுட்டாரு. இன்னா பண்றது?”

“டாக்டர் சொன்னது?”

“அதுவும் சரிதாங்க. நீங்க வர்ற நேரத்துக்கு எடுத்து மாட்டிக்குவேன்.”

“நான் வர்ற நேரத்துக்கா? என் மூஞ்சியைப் பார்த்தா நரம்பு வளரும்?”

உள்ளேயிருந்து அவன் மனைவி வந்தாள். “நல்லா கேளுங்கய்யா. காலையில அவங்க மாமா கை, மத்தியானம் உங்க கை, வெள்ளிக்கெழம பூசாரி கை. கட்டிக்கினவளுக்குன்னு ஒரு கை இல்ல இந்த வூட்ல.”

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தழையை அவிழ்த்துப் பட்டையை மாட்டிவிட்டு, அன்று முழுவதும் அவனோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததும் வீண்தான். சாயங்காலம் அவனே வந்துவிட்டான், என் காலைப் பார்க்க.

இதைச் சொல்ல வேண்டும். சர்க்கரை என் பாதத்து நரம்புகளைத் தின்றுவிட்டது. ராத்திரியானால் பாதம் முழுக்க மிளகாய் அரைத்துப் பூசினதுபோல எரியும்; ஆனால் உள்ளங்காலில் எது பட்டாலும் தெரியாது. எரிச்சலும் மரப்பும் ஒரே காலில் எப்படிச் சேர்ந்து இருக்கும் என்று கேட்காதவர்கள் கிடையாது. இருக்கின்றன. ராத்திரிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். எரிச்சலைக் குறைக்கும், காலையில் தலையைச் சுற்றும். போன உணர்ச்சியை அது கொண்டுவராது. அதற்கு மருந்து இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, மெத்தென்ற செருப்புப் போட்டு, தினமும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பார்ப்பதற்கு என் இடுப்பு வளையாது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் கண் தெரியாது. மகளுக்கு எந்த நேரத்தில் பிரசவ கேஸ் வரும் என்று சொல்ல முடியாது. அவனைக் கேட்டேன். கேட்டால் என்ன சொல்வான்? தினமும் சாயங்காலம் வந்து, படியில் உட்கார்ந்து, என் பாதத்தைத் தன் முழங்கால் மேல் வைத்து, இடது கையில் போன் விளக்கைப் பிடித்துக் குதிகால் முதல் விரலிடுக்கு வரைக்கும் பார்ப்பான்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவன், “அய்யா, இது எப்பலேர்ந்து?” என்றான்.

“எது?”

“முள்ளு.”

இலந்தை முள். உள்ளே போய் முறிந்து, சுற்றிலும் சீழ் கோத்திருந்தது. அதன்மேல் எத்தனை நாள் நடந்தேனோ, கணக்கு இல்லை. இதற்குத்தான் என்னிடம் கணக்கு இல்லை. அவன் ஊசியால் முள்ளை எடுத்தான். எடுத்துவிட்டு அந்த இடத்தை அழுத்தினான். என் முகத்தைப் பார்த்தான். இன்னும் பலமாக அழுத்தினான். மறுபடியும் என் முகத்தைப் பார்த்தான்.

“நெசமாவே தெரியலீங்களா?”

“தெரியலைய்யா.”

காலைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தான். தன் கை தொங்கியதற்குக்கூட அவன் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

ஆடியில் மறுபடியும் வேலூர் போனோம். சாமை விதைப்பு நேரம். ஏர் பிடிக்க அவனால் முடியாமல், மச்சினனைக் கூட்டிவந்து விட்டிருந்தான். மறுபடியும் ஊசிச் சோதனை. நரம்பு ஒரு மில்லிமீட்டர்கூட வந்ததற்கு அடையாளம் இல்லை. என் நூல் அளவு எல்லாம் போயிற்று. பட்டையை ஒழுங்காகப் போட்டிருந்தால் வந்திருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். பட்டை மூட்டைக் காப்பாற்றும், அறுந்த நரம்பை ஒட்டாது என்றார். அந்தப் பதிலும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒருவனைத் திட்டுவதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன், அதையும் பிடுங்கிக்கொண்டார்.

பிறகு அவனைப் பார்த்துச் சொன்னார். “இனிமே ரெண்டு வழி இருக்குங்க. ஒண்ணு, கையைத் திறந்து பார்த்து, அறுந்திருந்தா நடுவுல ஒட்டு வைக்கிறது. அந்த ஒட்டுக்குக் கால்லேர்ந்து ஒரு நரம்பை எடுப்போம். நல்லா வளர்ந்தா பழைய மாதிரி கை திரும்பலாம். ஒரு வருஷம், அதுக்கு மேலயும் ஆகலாம், வராமலும் போகலாம். இதைச் செய்யறதா இருந்தா இப்பவே செய்யணும். தள்ளிப்போட்டா அந்த வழி அடைஞ்சுடும். இன்னொண்ணு, நரம்பை விட்டுடறது. கையை மடக்குற தசைநாண் நிறைய இருக்கு. அதுல ரெண்டு மூணை எடுத்து, நிமித்துற பக்கம் மாத்திக் கட்டறது. சில மாசத்துல கை தூக்கும், பிடிக்கும். ஆனா பழைய கை வராது. எது வேணும்?”

“சரிங்கம்மா” என்றான்.

“எது சரி?”

“ரெண்டும் நல்லாத்தான் கீதுங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“ரெண்டுக்கும் சரின்னு சொன்னா நான் எதைச் செய்யறது? உங்க கைங்க. நீங்கதான் சொல்லணும்.”

“நீங்க படிச்சவங்க, நீங்க பாத்துச் சொன்னா...”

“நான் சொல்ல மாட்டேன். ரெண்டுலயும் லாபம் இருக்கு, நஷ்டம் இருக்கு. முதல் வழியில கால்லேர்ந்து நரம்பு எடுக்கறதால பாதத்துல ஒரு பக்கம் உணர்ச்சி இருக்காது. அதையும் சேர்த்து யோசிங்க.”

அப்போது அவன் கேட்டான். எனக்குத் தெரிந்து ஒரு டாக்டரிடம் அவன் கேட்ட ஒரே கேள்வி. “எந்தப் பக்கங்கம்மா?”

அவர் குனிந்து, பேனாவால் அவன் வலது பாதத்தின் வெளி ஓரத்தில், கணுக்காலுக்குக் கீழிருந்து சுண்டுவிரல் வரைக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டினார். ஒரு வாரம் டைம் கொடுத்தார். ஒரு வாரத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் வழிதான் வழி. இருக்கிற நரம்பை ஒட்டி, உள்ளபடியே கையைத் திருப்பிக் கொண்டுவர வாய்ப்பு இருக்கும்போது, எதற்காக ஒரு இடத்துத் தசைநாணைப் பிடுங்கி இன்னொரு இடத்தில் கட்டுவது? பாதத்து ஓரத்தில் ஒரு கை அகலம் மரத்துப்போனால் என்ன? நான் இரண்டு பாதமும் மரத்து நடக்கவில்லையா? கண்ணமங்கலத்தில் டீ குடிக்க இறங்கினோம். பக்கத்தில் நின்ற ஒருவர் கையைப் பார்த்துவிட்டு, கலசப்பாக்கம் பக்கம் ஒரு நாட்டு வைத்தியர் வீட்டுக்கு வழி சொன்னார். அவன் கவனமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். “போலாங்க” என்றான் அவரிடம். டீயை அப்படியே வைத்துவிட்டு நான் பஸ்ஸில் போய் உட்கார்ந்தேன்.

அந்த ஒரு வாரமும் அவன் வாசலில் ஆள் ஓயவில்லை. ஆறாம் நாள் நான் போனபோது, அவன் மாமன் கட்டுத் துணியும் தழையுமாக ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார். அதுவரைக்கும் நாங்கள் நேருக்கு நேர் பேசியதில்லை. அவன் கை மேல்தான் சண்டை போட்டிருந்தோம்.

“கால்ல கீற நரம்ப வெட்டிக் கையில வெப்பாங்களாம். இன்னா நாயம் இது? இன்னும் ஒரு மண்டலம் கட்டினா தானா எழுந்துக்கும்” என்றார், என்னைப் பார்க்காமல்.

“நாலு மாசமா எழுந்திருக்காதது இனிமே எங்க எழுந்திருக்கும்? ஊசி வெச்சுப் பார்த்தாச்சுங்க” என்றேன்.

“நீங்க மாட்டு கணக்கு எழுதினவரு தானே? நரம்பப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?”

“எனக்கே ரெண்டு கால்லயும் நரம்பு போயிருக்கு.”

“பாருடா. தன் காலக் காப்பாத்திக்காதவரு இவன் கைக்கு வழி சொல்றாரு.”

அவனைப் பார்த்துத் திரும்பினேன். “நீ சொல்லுய்யா. நாளைக்கு டாக்டர்கிட்ட என்ன சொல்லப்போற? நரம்பு ஒட்டுதானே?”

“மாமன் கட்டுன்னு சொல்லுடா” என்றார் அவர்.

அவன் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றான். பட்டை மாட்டிய கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். அவன் ‘சரி’ என்று இரண்டு பேருக்கும் சொல்லப்போகிறான், நாளை கெடு முடியப்போகிறது, இந்தக் கை இப்படியே தொங்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“கட்டு வேணாம் மாமா” என்றான்.

மாமன் நிமிர்ந்து பார்த்தார். கொட்டகை வாசலில் நின்ற அவன் மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். எனக்கு ஜெயித்துவிட்டதாக ஒரு சந்தோஷம் வந்தது. வந்து முடிவதற்குள் என் பக்கம் திரும்பினான்.

“கால வெட்றதும் வேணாங்கய்யா.”

“என்னது?”

“நாணு மாத்திக் கட்டறாங்க பாருங்க, அது போதுங்க எனக்கு.” வலது காலைத் தூக்கி, மாட்டுக் கொட்டகைத் தூணில் பாதத்தின் வெளி ஓரத்தைப் பதித்துக் காட்டினான். “இந்த ஓரத்தாலதாங்கய்யா மரத்தப் புடிப்பேன். இங்க தெரியலன்னா மரப்பட்டை வழுக்குதா, கெளை நெளியுதான்னு எப்டித் தெரியும்? உங்க கால்ல முள்ளு இருந்ததே உங்களுக்குத் தெரியலயே. தரையில பரவால்லங்க. மேல அது ஆவாது.”

“மரமா? மறுபடியும் மரம் ஏறவா கைக்கு வைத்தியம் பண்ணிக்கப்போற?” என்று நான் கத்தினேன். என் குரல் சுகாதார நிலையம் வரைக்கும் கேட்டதாக மகள் பிறகு சொன்னாள்.

“ஏறு பாக்கலாம்! ஏறின அன்னைக்கே நான் எங்கம்மா வூட்டுக்குப் போய்ட்டேன்னு வெச்சிக்க” என்றாள் அவன் மனைவி.

அவன் முகத்தில் வேர்த்திருந்தது. மாமன் தழையை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டு எழுந்தார். நானும் எழுந்தேன்.

“இருங்க, ரெண்டு பேரும் இருங்க” என்று அவள் உள்ளே ஓடி, இரண்டு கையிலும் உப்பு அள்ளிவந்தாள். திருப்பிய மருந்தோடு வியாதி எங்கள் வீட்டுக்கு வந்துவிடக் கூடாதல்லவா? மாமனின் வலது கையைச் சுற்றி உப்பை மூன்று சுற்றுச் சுற்றினாள். பிறகு என்னிடம் வந்தாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், கையை நீட்டினேன். சுற்றி முடித்து உப்பை அடுப்பில் போட்டாள். அது வெடிக்கும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவன் திண்டாட்டம் தீர்ந்து கீழே உட்கார்ந்தான்.

ஆவணியில் தசைநாண் மாற்றி வைத்தார்கள். மாவுக் கட்டு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. பிரித்த பிறகுதான் பெரிய வேலை. மடக்குவதற்கென்றே பிறந்த தசை இப்போது நிமிர்த்துகிற பக்கம் இருக்கிறது; மூளைக்கு அது தெரியாது. “விரலை விரிக்கணும்னா மணிக்கட்டை மடக்குறதா நினைங்க” என்றாள் பயிற்சி கொடுத்த பெண். அவன் விரிக்க நினைத்தால் ஒன்றும் நடக்காது. மடக்க நினைத்தால் விரியும். என் எதிரில் உட்கார்ந்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நாள் தவறாமல் பழகினான். ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் மணிக்கட்டு நடுங்கிக்கொண்டே மேலே வந்து நின்றது. விரல்கள் முழுக்க விரியவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதியில் நின்றுவிட்டன. அன்றும் அப்படித்தான், அதற்குப் பிறகும் அப்படித்தான். நரம்பு ஒட்டியிருந்தால் அவையும் விரிந்திருக்குமோ என்று நான் கேட்டேன். டாக்டர், “தெரியாதுங்க” என்றார். யாருக்கும் தெரியாது. இதைவிட எரிச்சலூட்டும் பதில் வைத்தியத்தில் கிடையாது.

கை தூக்கியதும் மலை முழுக்கப் பேச்சானது. கோபித்துக்கொண்டு போன மாமன் திரும்பி வந்தார். கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “பாத்தியா, நரம்பு எழுந்துக்குச்சி. நம்ம கட்டு பலம் மெதுவாத்தான் தெரியும்” என்றார்.

“ஆமாங்க மாமா” என்றான்.

பூசாரி வந்து கயிற்றைச் சொன்னார். “ஆமாங்க.” கண்டக்டர் தன் மருந்தைச் சொன்னார். “ஆமாங்கண்ணா.” காந்த வளையல்காரன் அடுத்த நடை வந்தபோது இவன் கையைக் காட்டியே மூன்று வளையல் விற்றான். நான் ஒவ்வொருவரிடமும், அது நரம்பே இல்லை, தசைநாண், மாற்றிக் கட்டினது, வேலூரில், கத்தி வைத்து என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன். “ஏன்யா, உண்மையைச் சொல்லித் தொலையேன்” என்றால், “அவங்களுக்கும் ஒரு சந்தோசங்கய்யா” என்பான். என்னிடம், “நீங்க இட்னு போவலன்னா ஆயிருக்குமா?” என்பான். எனக்கும் ஒரு ‘ஆமாங்க’ எடுத்து வைத்திருந்தான். அதை நினைத்தால்தான் இன்னும் கோபம் வருகிறது.

மாசிக் கடைசியில் மகள் டூட்டியிலிருந்து வேகமாக வந்தாள். “அப்பா, அவரு ஏறிட்டாரு” என்றாள்.

மெத்தென்ற செருப்பை மாட்டிக்கொண்டு என்னால் முடிந்த வேகத்தில் போனேன். ஓடைக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய சொந்த மரம், பெரிய மரம். அடியில் சாக்கு விரித்துக்கொண்டு அவன் மனைவி நின்றிருந்தாள்.

“நீ அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொன்னியே?”

“போறேன்னுதான் சொன்னேங்கய்யா. ‘போய்ட்டு வா’ன்னுட்டாரு.” அவள் மேலே பார்க்கவில்லை. “ஏறாதய்யான்னு காலப் புடிச்சிக் கேட்டேன். மாட்டேன்னுட்டாரு. இத்தினி வருசத்துல என்னாண்ட அந்த வார்த்த சொன்னதே கெடையாது. நல்லாத்தான் கத்துக்கினாரு.”

மேலே பார்த்தேன். மூன்றாவது கிளைக் கவட்டில் நின்றிருந்தான். விரியாத அந்த இரண்டு விரல்களையும் கிளையோடு அழுத்தித் தேய்த்துத் திறந்து, கையைக் கொக்கி மாதிரி மாட்டி, வலது பாதத்தின் ஓரத்தை மரப்பட்டையில் பதித்து, மெதுவாக எடையை மாற்றினான். பிறகு இடது கையால் மேல்கிளையைப் பிடித்து உலுக்கினான். புளியம்பழம் சடசடவென்று சாக்கில் விழுந்தது.

“இறங்குய்யா! ஆறு மாசம்தான் ஆகுது, டாக்டரைக் கேட்டியா?” என்று கத்தினேன்.

பழம் விழும் சத்தத்தில் கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருந்தானா, தெரியாது. இன்னும் ஒரு கிளை மேலே போனான். வலது கையில் தொங்கி எம்பினான். கை பிடித்தது.

“மேல பாக்காதீங்கய்யா, கண்ணுல தூசி வுழும்” என்றாள் அவள்.

விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, அவன் அடுத்த கிளைக்குக் கையை நீட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.